இரண்டாவது மணி நேரம் எவருடையது?

கற்றவர் பேசுவார், மற்றவர் கேட்பார். பேச்சு முடிந்ததும் கைதட்டல், நன்றி நவிலல், கலைந்து செல்லல். இந்த ஏற்பாடு எந்த நாட்டிலும் எளிதாக நடக்கிறது. அது எவரையும் சுடுவதில்லை, எதையும் அசைப்பதுமில்லை. இதனினும் மேலானதோர் ஏற்பாடு இயலுமா? இந்தக் கேள்வியை உடன்கொண்டு, அமெரிக்க நாட்டிலே அரை நூற்றாண்டுக் காலமாக நடந்துவரும் ஒரு திட்டத்தை நாம் இங்கே எடுத்து ஆராய்கிறோம்.

மொழி, இலக்கியம், வரலாறு, தத்துவம், சட்டவியல், அறவியல், சமயங்களின் ஒப்பாய்வு முதலானவற்றை ஒரு தொகுப்பாக்கி, மானுடக்கலைகள் என்று அந்நாட்டுச் சட்டம் அழைக்கிறது. பல்கலைக் கழகத்து மதிலுக்குள்ளே வளரும் இந்தக் கலைகளை, ஊர்ப் பொதுமக்களின் அமைப்புகளுக்குக் கொண்டு செல்வதே அத்திட்டத்தின் நோக்கம். ஊர் நூலகம், உள்ளூர் வரலாற்றுக் கழகம், முதியோர் மன்றம், சிறிய அருங்காட்சியகம், ஏழை எளியோருக்கு உதவும் சங்கம் ஆகிய ஆதாயம் கருதாத அமைப்புகள் மாநில மானுடக்கலை மன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பலாம். மன்றத்திடம் பேச்சாளர் பட்டியல் ஒன்று இருக்கும். இன்னார் இன்ன பொருள் பற்றிப் பேசுவார் என்று அதிலே கண்டிருக்கும். அமைப்பு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும், நாள் குறிக்கும், நாற்காலி போடும். பேச்சாளருக்கு மதிப்பூதியமும் வழிச் செலவும் மன்றத்தின் பொறுப்பு. அழைப்போர் தருவது சிறு தொகை; சில இடங்களில் அதுவும் இல்லை. கேட்க வருவோரிடம் கட்டணம் வாங்குவதில்லை.

நல்ல திட்டம் என்று தயங்காமல் சொல்வோம். நல்ல திட்டத்தைத்தான் நாம் உரசிப் பார்க்க வேண்டும். பித்தளையை உரைகல்லில் தேய்ப்பவர் எவரும் இல்லை அல்லவா?

இத்திட்டத்தின் பிறப்பைக் கவனியுங்கள். 1965 செப்டம்பர் 29ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜான்சன் ஒப்பமிட்ட சட்டத்தினால், தேசிய மானுடக்கலை நிதியம் தோன்றியது. மக்களாட்சி நடக்க வேண்டுமானால் குடிமக்களுக்கு அறிவும் தொலைநோக்கும் வேண்டும் என்று அச்சட்டம் தன் நோக்கத்தைக் கூறிற்று. ஆனால் நிதியத்தின் பணம் யாரிடம் போய்ச் சேரும்? பல்கலைக் கழகப் பேராசிரியர்களிடம்தானே? வரி கொடுப்பவன் வயலிலும் ஆலையிலும் இருக்க, அந்த வரியால் விளையும் அறிவு ஆய்வு நூலின் அடிக்குறிப்பிலே உறங்குவது முறையா? இந்தக் கேள்வி எழுந்ததன் பயனாக, 1970களின் தொடக்கத்தில் மாநில மன்றங்கள் ஒவ்வொன்றாக அமைந்தன. ஐம்பது மாநிலங்கள், தலைநகர் வட்டாரம், போர்ட்டோ ரிக்கோ, குவாம் முதலான ஐந்து ஆட்சிப் பகுதிகள் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றாக இன்று 56 மன்றங்கள் உள்ளன. இவை அரசு அலுவலகங்கள் அல்ல. தாமும் ஆதாயம் கருதா அமைப்புகளே.

ஆனால், ஊருக்குப் பேச்சாளரை அழைக்கும் வழக்கம் அந்நாட்டில் சட்டத்தினால் வந்ததன்று. சட்டத்துக்கும் நூறாண்டு முந்தியது. 1826ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மில்பரி என்னும் ஊரிலே ஜோசையா ஹோல்புரூக் என்பவர் லைசியம் என்ற பெயரில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். உழவரும் கைவினைஞரும் கூடி, தமக்குத் தாமே கற்பித்துக்கொள்வது என்பது கொள்கை. சில ஆண்டுகளில் அது ஊர்தோறும் பரவிற்று. எமர்சன் தம் வாழ்நாளில் ஏறத்தாழ 1500 சொற்பொழிவுகள் ஆற்றியதற்கு இத்தகைய மேடைகளே துணை. 1848இல் கான்கார்டு ஊர் லைசியத்திலே தொரோ என்ற இளைஞர், அநீதி செய்யும் அரசுக்குக் குடிமகன் எவ்வளவு கடன்பட்டவன் என்று தம் ஊராரிடம் பேசினார். அந்தப் பேச்சுதான் மறு ஆண்டு கட்டுரையாக அச்சேறி, கடல் கடந்து, பல நாட்டுப் போராளிகளின் கைக்கு வந்தது. ஊர்க்கூடத்துப் பேச்சு ஊரோடு முடிந்துவிடும் என்று எண்ணுவோர் இதை நினைவிற் கொள்க!

இந்த வரலாற்றில் ஒளி மட்டுமா இருக்கிறது? இருளும் இருக்கிறது.

அதே மாசசூசெட்ஸில் நியூ பெட்ஃபோர்டு என்ற துறைமுக ஊர் உண்டு. அடிமைத் தளையை அறுத்துக்கொண்டு 1838இல் தப்பி வந்த ஃபிரடெரிக் டக்ளஸ் முதலில் குடியேறிய ஊர் அது. அடிமை முறை இல்லாத மாநிலம். அறிவுக்குப் பேர்போன மாநிலம். எனினும் அவ்வூர் லைசியம் கறுப்பினத்தாரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. உள்ளே உரிமை பற்றிய உரை. வெளியே உரிமை இழந்தவன்! வாயிலைத் திறந்தது எது? எமர்சன், சார்லஸ் சம்னர், தியோடர் பார்க்கர், ஹொரேஸ் மன் போன்றோர், இத்தடை இருக்கும்வரை இம்மேடையில் ஏற மாட்டோம் என்று மறுத்தனர். அதன் பின்னரே தடை அகன்றது என்று டக்ளஸ் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்கிறார்.

பேச்சாளனின் கடமை எங்கே தொடங்குகிறது என்பதை இந்நிகழ்ச்சி நமக்குச் சொல்கிறது. அது மேடையிலே தொடங்கவில்லை. வாயிலிலே தொடங்குகிறது. உள்ளே வந்திருப்பவர் யார் என்று மகிழ்வதற்கு முன்னால், வெளியே நிற்பவர் யார் என்று கேட்க வேண்டும்.

இன்றைய திட்டத்தின் மேல் நாம் வைக்கும் முதற் குறை இதுவே. இன்று வாயிலில் எவரும் பலகை மாட்டுவதில்லை. ஆயினும் பலகை இல்லாமலே சில கதவுகள் சாத்திக்கொள்கின்றன. கூடம் வைத்திருக்கும் அமைப்பு விண்ணப்பிக்கிறது. கூடம் இல்லாத அமைப்பு விண்ணப்பிப்பதில்லை. படிவம் நிரப்பத் தெரிந்த செயலாளர் உள்ள சங்கத்துக்குப் பேச்சாளர் வருகிறார். அடுப்புக்கும் வேலைக்கும் இடையே ஓடிக்கொண்டே சங்கம் நடத்தும் பெண்களின் தெருவுக்கு அவர் வருவதில்லை. மாலை ஆறு மணிக்குக் கூட்டம் என்றால், ஓய்வூதியம் பெறுபவர் வரலாம். இரவுப் பணிக்குப் புறப்படுபவர் எங்ஙனம் வருவார்? கட்டணம் இல்லை என்ற ஒரு சொல்லால் எல்லோருக்கும் பொது என்று ஆகிவிடாது. பேருந்துக் கட்டணம் ஒரு கட்டணம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமை ஒரு கட்டணம். நமக்கெல்லாம் அங்கே என்ன வேலை என்ற கூச்சம், எல்லாவற்றிலும் பெரிய கட்டணம்.

இக்குறையை நேருக்கு நேர் கண்டு செயல்பட்ட ஒருவர் உண்டு. ஏர்ல் ஷாரிஸ் என்ற எழுத்தாளர், வறுமையைப் பற்றி நூல் எழுதுவதற்காக நாடெங்கும் அலைந்தார். நியூயார்க் மாநிலத்துச் சிறையொன்றிலே ஒரு பெண்ணைச் சந்தித்து, மக்கள் ஏன் வறுமையில் உழல்கிறார்கள் என்று கேட்டார். வேலை இல்லை, பணம் இல்லை என்று அவள் சொல்லவில்லை. நகரத்து மாந்தர்க்கு நாடகமும் அருங்காட்சியகமும் இசையரங்கும் சொற்பொழிவும் தருகிற சிந்தனை வாழ்வு எங்கள் பிள்ளைகளுக்கு இல்லை என்ற பொருள்படச் சொன்னாள். அந்த மறுமொழி ஷாரிஸை உலுக்கியது. 1995இல் நியூயார்க் நகரத்தின் கீழ்க்கிழக்குப் பகுதியில், ராபர்ட்டோ கிளெமெண்டே பெயரால் நடந்த குடும்ப நல மையத்தில், ஏழைகளுக்கென வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். தத்துவம், இலக்கியம், கலை வரலாறு, அமெரிக்க வரலாறு, தருக்கம் ஆகியவை பாடங்கள். தேர்ந்த பேராசிரியர்களே ஆசிரியர்கள். புத்தகம் இலவசம், பயணச் செலவுக்கு வழி செய்யப்பட்டது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு இருந்தது. தேறியவர்களுக்குக் கல்லூரி மதிப்பெண் வழங்கப் பார்டு கல்லூரி முன்வந்தது. இன்று அம்மையத்தின் பெயராலேயே அவ்வகுப்புகள் பல ஊர்களில் நடக்கின்றன.

"பசித்தவனுக்குப் பிளேட்டோ எதற்கு? தச்சு வேலையும் தட்டெழுத்தும் கற்றுக் கொடுங்கள், பிழைத்துப் போவான்!" என்று சொல்வோர் அங்கும் உண்டு, எங்கும் உண்டு. இவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். உங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏன் இலக்கியமும் வரலாறும் வேண்டியிருக்கிறது? தொழிற் கல்வி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது சோறு போடும். ஆனால் ஒருவனுக்குத் தொழில் மட்டும் போதும், மற்றொருவனுக்குச் சிந்தனையும் வேண்டும் என்று பங்கிடுகிறார்களே, அந்தப் பங்கீட்டை எந்த நீதி ஏற்கும்? கையை ஒரு வகுப்புக்கும் தலையை ஒரு வகுப்புக்கும் ஒதுக்கும் பழைய ஏற்பாட்டுக்குப் புதிய பெயர் சூட்டுவதன்றி இது வேறென்ன?

இரண்டாவது குறைக்கு வருவோம். பட்டியலை எழுதுபவர் யார்? மன்றம் பேச்சாளர்களைத் தேர்கிறது. பேச்சாளர் தம் தலைப்பைத் தருகிறார். ஊர் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறது. உணவு விடுதியில் சமைத்து வைத்ததைச் சொல்லி வாங்குவது போன்றதே இது. எனக்கு வேண்டியது இது, இதைச் சமைத்துத் தா என்று சொல்லும் இடம் ஊருக்கு எங்கே இருக்கிறது? ஆலை மூடிய ஊர், ஆலை ஏன் மூடிற்று என்ற வரலாற்றைக் கேட்க விரும்பலாம். பட்டியலிலோ பழம்பாலங்களின் அழகு இருக்கும். பாலம் வேண்டாம் என்பதன்று நம் வாதம். எதைக் கற்பது என்று முடிவு செய்வது கல்வியின் பாதி. அந்தப் பாதியை மேலிருப்போரே வைத்துக்கொண்டால், கீழிருப்போர்க்குக் கிடைப்பது அரைக் கல்வி.

மேலும், அரசுப் பணத்தால் நடக்கும் நிகழ்ச்சி எந்தக் கட்சிக்கும் எந்தச் சமயத்துக்கும் எந்தக் கொள்கைக்கும் பிரசாரம் ஆகக் கூடாது என்பது நிதியத்தின் விதி. எல்லோர் வரியும் சேர்ந்த பணம் ஆதலால் விதி நியாயமானதே. ஆனால் சாராமை என்ற நல்ல விதி, சாரமில்லாமை என்ற நோயாக மாறிவிடுவது எளிது. எவரும் முகம் சுளிக்காத தலைப்பே பாதுகாப்பான தலைப்பு என்று ஆகிவிட்டால், மானுடக்கலையில் மானுடம் போய்க் கலை மட்டும் எஞ்சும்.

அஞ்சாமலும் இருக்கலாம், விதியும் மீறாமல் இருக்கலாம் என்பதற்கு மாசசூசெட்ஸ் மாநில மன்றமே சான்று தருகிறது. 1852இல் ராச்செஸ்டர் நகரத்துப் பெண்களின் அடிமை ஒழிப்புச் சங்கம் டக்ளஸைச் சுதந்திர நாள் உரைக்கு அழைத்தது. கைவினைப் பொருள் விற்றுப் பணம் திரட்டிய சிறு சங்கம் அது. ஜூலை 5ஆம் நாள் ஏறத்தாழ 600 பேர் முன்னிலையில் நின்று, நீங்கள் கொண்டாடும் இந்த நாளால் அடிமைக்கு என்ன பயன் என்று கேட்டார் டக்ளஸ். அழைத்தவர்களையே சுடும் கேள்வி! அந்த உரையை இன்று ஊர்ப் பொதுவிடங்களில் மக்கள் கூடி, ஒருவர் ஒரு பகுதியாக மாறி மாறி உரக்கப் படிப்பதற்கு மாநில மன்றம் துணை நிற்கிறது. அங்கே பேச்சாளர் என்று ஒருவர் தனியாக இல்லை. வந்தவர் அனைவரும் பேச்சாளர். வந்தவர் அனைவரும் கேட்போர். கொள்கைப் பிரசாரம் என்று எவர் குற்றம் சாட்ட முடியும்? நாட்டின் வரலாற்றை நாட்டின் மக்கள் வாய்விட்டுப் படிக்கிறார்கள், அவ்வளவே.

மூன்றாவது குறை, ஒரு நாள் வருகை. பேராசிரியர் மாலையில் வருகிறார், பேசுகிறார், இரவில் திரும்புகிறார். ஒரே மழையில் பயிர் விளையுமா? இதற்கு மாற்றாக இங்கிலாந்து நாட்டுத் தொழிலாளர் கண்ட முறை ஒன்றை எடுத்துக்காட்ட விரும்புகிறோம். 1903இல் அங்கே தொழிலாளர் கல்விச் சங்கம் தோன்றியது. 1908இல் ஆக்ஸ்ஃபோர்டில் பயின்ற ஆர். எச். டானி என்ற இளம் அறிஞர், ராச்டேல், லாங்டன் என்ற இரு தொழில் ஊர்களில் வகுப்பு எடுக்கத் தொடங்கினார். நெசவாளர், மண்பாண்டத் தொழிலாளர், சுரங்கத் தொழிலாளர் ஆகியோர் மாணாக்கர். வகுப்புக்கு முப்பது பேருக்கு மேல் இல்லை; மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வருவதாக அவர்கள் உறுதி தர வேண்டும். பாடத்தை மேலிருந்து திணிக்காமல், மாணாக்கர் விருப்பத்தைக் கேட்டே முடிவு செய்தனர். வகுப்பு இரண்டு மணி நேரம். முதல் மணி ஆசிரியருடையது, அவர் பேசலாம். இரண்டாவது மணி தொழிலாளருடையது. அவர்கள் கேட்கலாம், மறுக்கலாம், வாதிடலாம்.

நம் கட்டுரையின் உயிர் இந்த இரண்டாவது மணி நேரத்தில் இருக்கிறது.

"தெரியாதவர்கள் கேட்டு என்ன பயன்? நேரம் வீண்!" என்பார் சிலர். டானியின் நூலைத் திறந்து பார்க்கட்டும். பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நிலவுடைமைச் சிக்கலைப் பற்றி அவர் 1912இல் வெளியிட்ட நூலின் முன்னுரையில், நெசவாளரும் மண்பாண்டத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் நட்புரிமையோடு தம்மை அடித்துத் திருத்திய திருத்தங்களால்தான் தாம் பலவற்றைக் கற்றதாக நன்றி கூறுகிறார். நிலம் பறிபோனவன் என்ன ஆனான் என்பதைச் சுவடியிலே படித்தவர் ஆசிரியர். உழைப்பு பறிபோவதை உடம்பிலே படித்தவர்கள் மாணாக்கர். இருவரும் எதிரெதிரே அமர்ந்தபோது வரலாறு தெளிந்தது. ஆகவே இரண்டாவது மணி நேரம் என்பது கேட்போருக்குப் பேச்சாளர் போடும் பிச்சை அன்று. பேச்சாளருக்கும் அதுவே பள்ளிக்கூடம்.

அமெரிக்க மன்றங்களிலும் இதை உணர்ந்தவை உண்டு. ஓரிகான் மாநில மன்றம், சொற்பொழிவுக்கு மாறாக உரையாடலை முன்வைத்து ஒரு திட்டம் நடத்துகிறது. அங்கே வருபவர் பேருரை ஆற்றுவதில்லை. ஒரு கேள்வியை நடுவிலே வைத்து, கூடியிருப்போரைப் பேச வைத்து, பேச்சு திசை மாறாமல் பார்த்துக்கொள்கிறார். இதிலும் ஓர் அபாயம் உண்டு. அறிவு இல்லாத உரையாடல் அரட்டையாகிவிடும். உரையாடல் இல்லாத அறிவு உபதேசமாகிவிடும். இரண்டு மணியும் வேண்டும்.

இனி, 2025ஆம் ஆண்டில் நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 2ஆம் நாள் இரவு, மாநில மன்றங்களுக்குத் தரப்பட்டு வந்த உதவித் தொகை நிறுத்தப்பட்டது என்று மின்னஞ்சலில் கடிதங்கள் வந்தன. ஆண்டுக்கு ஏறத்தாழ 6 கோடியே 50 லட்சம் டாலர்! அறுபது ஆண்டு காலச் சட்டத்தின் பயன் ஓர் இரவிலே உதறப்பட்டது. அந்தத் திங்களிலேயே மெலன் அறநிறுவனம் 56 மன்றங்களுக்குமாக 1 கோடியே 50 லட்சம் டாலர் அவசர உதவி அறிவித்தது. ஓரிகான் மன்றமும் மன்றங்களின் கூட்டமைப்பும் வழக்குத் தொடுத்தன. ஆகஸ்டுத் திங்களில் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாக இடைக்கால ஆணை வழங்கியது.

இந்த வெட்டு யார் தலையில் விழுந்தது? பெருநகரத்துப் பல்கலைக் கழகத்துக்கு வேறு பணம் உண்டு, வேறு மேடை உண்டு. மேடைக்கு வேறு வழியே இல்லாதது சிற்றூர் நூலகந்தான். மக்களாட்சிக்கு அறிவுள்ள குடிமக்கள் தேவை என்று சட்டத்தில் எழுதிய அரசு, அந்தக் குடிமக்களுக்குச் செல்லும் தொகையைச் சிக்கனத்தின் பெயரால் வெட்டியது. சிந்திக்கும் குடிமகன் செலவு மிகுந்தவன் என்று கருதினார்களோ!

அரசைக் கண்டிக்கும் அதே வேளையில், மன்றங்களுக்கும் நாம் ஒன்று சொல்வோம். கேட்போரை விருந்தாளியாக மட்டும் வைத்திருந்தால், வீட்டுக்குக் கேடு வரும்போது விருந்தாளி வருந்துவார், விடைபெற்றுப் போவார். பங்காளியாக வைத்திருந்தால், தடியெடுத்துக் காவல் நிற்பார். தலைப்பைத் தேர்ந்தவர்கள், கேள்வி கேட்டவர்கள், மறுத்துப் பேசியவர்கள், நாற்காலி போட்டவர்கள் ஆகியோரே ஒரு திட்டத்தின் உண்மையான உடைமையாளர்கள். ஓர் அரசு தரும் தொகையை மற்றோர் அரசு நிறுத்திவிடும். ஓர் ஊர் தனதென்று கொண்ட பழக்கத்தை எந்தக் கடிதத்தாலும் நிறுத்த முடியாது. ஹோல்புரூக்கின் லைசியத்துக்கு எந்த நிதியம் பணம் கொடுத்தது? ராச்செஸ்டர் பெண்களுக்கு எந்த அரசு மானியம் வழங்கியது?

இதனால் அரசு பணம் தர வேண்டியதில்லை என்று எவரும் பொருள் கொள்ள வேண்டாம். அது மக்களின் பணம். மக்களுக்குத் திரும்பி வருவதே முறை. பணம் வரும்போது அதை யார் சொற்படி செலவிடுவது என்பதைத்தான் நாம் பேசுகிறோம்.

பேச்சாளரை அழைக்கும் எந்த மன்றமும், எந்த நாட்டிலும், கூட்ட அறிவிப்பை அச்சுக்குத் தருவதற்கு முன் நான்கு கேள்விகளைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளலாம். இக்கூடத்துக்கு வர இயலாமல் வெளியே நிற்பவர் யார்? இந்தப் பொருளைத் தேர்ந்தவர் யார்? இரண்டாவது மணி நேரம் எவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது? அடுத்த கூட்டம் எப்போது?

நான்குக்கும் நேர்மையான விடை கிடைக்குமானால், பேச்சாளர் சற்றுத் திக்கித் திக்கிப் பேசினாலும் அந்தக் கூட்டம் வெற்றி. விடை கிடைக்காவிட்டால், மேடையில் நாவரசரே வந்து நின்றாலும் அது ஒரு மாலை நேர வேடிக்கை. அறிவுக்கு அரண்மனை தேவையில்லை, தோழர்களே! அமர்ந்து கேட்க ஒரு பலகை வேண்டும். எழுந்து கேட்க ஒரு துணிவு வேண்டும். பலகையை எந்த மன்றமும் போட்டுவிடும். துணிவுக்கு இடம் போடுகிற மன்றமே மக்கள் மன்றம்.